கார் ஏசி: ஓடினா குளிர், சில்க் போர்டுல நின்னா சூடு: ரெண்டு தடவை காஸ் போட்டும் தீரல

ஏப்ரல் 6, இரவு 9:50 — அல்சூர்வாசி

ஏழு வருஷ பெட்ரோல் ஹேட்ச்பேக். பெங்களூர்ல தினமும் அல்சூர்லேருந்து எலக்ட்ரானிக் சிட்டி. வண்டி ஓடிட்டிருந்தா ஏசி அருமை. சில்க் போர்டு சிக்னல் நெரிசல்ல பத்து நிமிஷம் நின்னா வெறும் காத்துதான் வருது. பிப்ரவரியில ஒரு தடவை, போன வாரம் ஒரு தடவை காஸ் போட்டாச்சு. போட்டவர் இப்ப "கம்ப்ரெஸர் வீக், மாத்திடலாம் சார்"ங்கறார். காஸ் வருஷத்துக்கு ஒரு தடவை தீர்ந்துபோறது சகஜம்தானே? இல்ல நிஜமாவே கம்ப்ரெஸரா?

ஏப்ரல் 6, இரவு 11:15 — கேஜ்காரன்

தீர்ந்துபோறதுக்கு அது பெட்ரோல் இல்ல. மூடின குழாய்க்குள்ள கம்ப்ரெஸர் அமுக்கித் தள்ளற அதே காஸ்தான் சுத்திச் சுத்தி வருது. ஹோஸ் ரப்பர் வழியாவும் கம்ப்ரெஸர் ஷாஃப்ட் சீல் வழியாவும் துளித்துளியா கசியறது உண்டு, ஆனா அது தெரிய வருஷக்கணக்காகும். ரெண்டு மாசத்துல குறைஞ்சா ஓட்டை. "காஸ் ஹாக்பேக்கு சார்"னு (காஸ் போடணும் சார்னு) கன்னடத்துல சொல்றது நோயைக் கண்டுபிடிச்சதா ஆகாது.

ஆனா உங்க அறிகுறி காஸைக் காட்டல. ஓடினா குளிர், நின்னா சூடுன்னா முதல்ல கண்டென்ஸர் ஃபேனைப் பாருங்க. உள்ளேருந்து எடுத்த சூட்டை முன்கிரில்லுக்குப் பின்னால இருக்கற கண்டென்ஸர்தான் வெளிய தள்ளுது. வண்டி ஓடும்போது அந்த வேலையை எதிர்க்காத்து செஞ்சுடும். நிக்கும்போது ஃபேன் ஒண்ணுதான் ஆதரவு.

பிரஷர் கேஜ் இல்லாமலே ரெண்டு சோதனை.

வண்டியை நிழல்ல நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஏசியை முழுக் குளிர்ல போட்டு, நாலு நிமிஷம் ஃபேனையே பாருங்க. ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடாதீங்க. சில வண்டியில பிரஷர் ஏறின பிறகுதான் ஃபேன் வரும்.

வென்ட்ல (உள்ள காத்து வர்ற துவாரத்துல) சூடு வந்ததும் ஒரு மக் தண்ணியைக் கிரில் வழியா கண்டென்ஸர் மேல ஊத்துங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள வென்ட் ஜில்லுன்னு ஆனா கம்ப்ரெஸர் நல்லா இருக்கு, காத்தோட்டம்தான் குறை. தண்ணி ஆல்டர்னேட்டர் பக்கம் தெறிக்க வேணாம்.

ஏப்ரல் 7, காலை 6:40 — கேஜ்காரன்

விட்டுப்போனது: ஃபேன் சுத்துதுன்னா மட்டும் போதாது. எந்தப் பக்கம் தள்ளுதுன்னும் பாருங்க. மோட்டார் மாத்தின இடத்துல வயர் ரெண்டும் இடம் மாறியிருந்தா ஃபேன் தலைகீழா சுத்தி இன்ஜின் சூட்டையே கண்டென்ஸர் மேல ஊதும். கிரில் முன்னால ஒரு செய்தித்தாள் துண்டைப் பிடிங்க. ஒட்டணும். பறந்து வந்தா தப்பு.

ஏப்ரல் 7, இரவு 10:05 — அல்சூர்வாசி

தண்ணி ஊத்தினதும் முப்பது எண்ணறதுக்குள்ள குளிர் வந்துடுச்சு! பேப்பரும் ஒட்டுது. ஆனா ஃபேன் ஒரு மாதிரி விசித்திரம். ரொம்ப நேரம் சும்மா இருக்கு, திடீர்னு ஏரோப்ளேன் மாதிரி கத்தி ஒரு நிமிஷம் ஓடிட்டு நின்னுடுது.

ஏப்ரல் 7, இரவு 10:40 — கேஜ்காரன்

கிடைச்சாச்சு. உங்க ஃபேனுக்கு ரெண்டு வேகம். ஏசி போட்டா மெதுவேகம் வரணும். அந்த மெதுவேகம் ஃபேன் ஷ்ரவுட்ல (ஃபேனைச் சுத்தியிருக்கற சட்டத்துல) திருகியிருக்கற ஒரு ரெசிஸ்டர் வழியா போகுது. அது அறுந்தா மெதுவேகம் செத்துடும், முழுவேகம் உயிரோட இருக்கும். அதனால பிரஷரோ கூலன்ட்டோ எல்லை தொட்டதும் முழுவேகத்துல கத்தும், இறங்கினதும் நின்னுடும். நீங்க கேட்ட ஏரோப்ளேன் அதுதான்.

ரெசிஸ்டர் கனெக்டரைக் கழட்டி ரெண்டு முனைக்கும் நடுவுல மல்டிமீட்டர் வைங்க. நல்லது ஒரு ஓமுக்குக் கீழ காட்டும், அறுந்தது முடிவிலி. ரெசிஸ்டர் நல்லா இருந்தா மெதுவேக ரிலே. பக்கத்துல அதே நம்பர் போட்ட ஹார்ன் ரிலேயைப் பிடுங்கி மாத்திப் பாருங்க. ரெண்டும் சரின்னா மோட்டார் கார்பன் பிரஷ். குச்சியால ஒரு தட்டு தட்டினா ஓட ஆரம்பிக்கும், மறுநாள் நின்னுடும்.

ஜே.சி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள்ல ரெசிஸ்டர் தனியா கிடைக்கும். "முழு ஃபேன் அசெம்ப்ளிதான் வரும்"னா அடுத்த கடை. மெதுவேக வயரை முழுவேகத்தோட முறுக்கிக் கட்டி அனுப்பற ஆளும் இருக்காங்க. ஓடும், ஆனா ஃபேன் ஆயுசு குறையும், சத்தமும் தாங்காது.

ஏப்ரல் 8, காலை 11:20 — ஆர்.கே.புரம்

டெல்லியிலேருந்து குறுக்கே வர்றேன். போன மே மாசம் 43 டிகிரி. ஹை சைடு (கம்ப்ரெஸர் அமுக்கி வெளிய தள்ளற பக்கம்) பிரஷர் 270 பிஎஸ்ஐ காட்டினதுக்கு "ஓவர் காஸ்"னு சொல்லி ஒருத்தர் காஸை இறக்கிட்டார். அதுக்கப்புறம் குளிரே இல்ல. எவ்வளவு இருக்கணும்?

ஏப்ரல் 8, இரவு 9:30 — கேஜ்காரன்

வெளி வெப்பம் தெரியாம பிரஷர் சொன்னா அர்த்தமே இல்ல. உங்க ஏசிக்குள்ள இருக்கற ஆர்134ஏ காஸுக்கு பிரஷரும் வெப்பமும் ஒட்டிப்பிறந்த ரெட்டை. கண்டென்ஸருக்குள்ள காஸ் திரவமாகற வெப்பம் வெளிக்காத்தைவிட ஏறக்குறைய 15லேருந்து 25 டிகிரி கூட இருக்கும்.

பெங்களூர்ல 30 டிகிரின்னா காஸ் 45-55ல திரவமாகும். கேஜ்ல 150-200 பிஎஸ்ஐ. உங்க டெல்லி 43ல 58-68 டிகிரி, அதாவது 220-280. 270க்கு அங்க ஒண்ணும் கேடில்ல, அவர் நல்ல வண்டியைத்தான் கெடுத்திருக்கார். அதே 270 பெங்களூர்ல டிசம்பர் காலையில வந்தா நான் இன்ஜினை அணைச்சுடுவேன்.

லோ சைடும் (காஸ் கம்ப்ரெஸருக்குத் திரும்பற பக்கம்) இதே கணக்கு. 30 பிஎஸ்ஐன்னா, டேஷ்போர்டுக்குள்ள காத்தைக் குளிர்விக்கற கூலிங் காயில் கிட்டத்தட்ட 1 டிகிரி. 55 பிஎஸ்ஐன்னா 15 டிகிரி. காயிலே 15ல இருந்தா அது வழியா வர்ற காத்து எப்படி ஜில்லுன்னு வரும்?

அளக்கற முறை: 1500 ஆர்பிஎம், ப்ளோயர் முழுவேகம், கதவு திறந்து, வெளிக்காத்து மோடு. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் படிங்க.

ஹை, லோ ரெண்டும் குறைவு: காஸ் குறைவு.
ரெண்டும் அதிகம்: ஃபேன், அழுக்குக் கண்டென்ஸர், ஓவர் காஸ், இல்ல உள்ள காத்து.
லோ அதிகம், ஹை குறைவு: கம்ப்ரெஸர் தேய்மானம். "வீக்"ங்கற வார்த்தை இங்கதான் பொருந்தும்.
லோ பூஜ்யத்துக்குக் கீழ வேக்கம் (வெற்றிடம்): எக்ஸ்பான்ஷன் வால்வ்லயோ (காயிலுக்குள்ள திரவத்தைப் பீச்சற வால்வ்) டிரையர்லயோ (ஈரத்தை உறிஞ்சற பாட்டில்) அடைப்பு.

அல்சூர்வாசி, கம்ப்ரெஸர் மாத்தச் சொன்னவர் கேஜ் போட்டாரா? போட்டிருந்தா ரெண்டு எண்ணும் என்ன?

ஏப்ரல் 9, காலை 8:15 — அல்சூர்வாசி

போட்டார். சிவப்பு (ஹை) 290, நீலம் (லோ) 55. மதியம், வெளிய 31 டிகிரி, ஐட்லிங். ஃபோட்டோ எடுத்து வெச்சிருக்கேன். ரெசிஸ்டர் அறுந்துதான் போயிருந்தது, இன்னிக்கு மாத்தறேன்.

ஏப்ரல் 9, காலை 8:50 — கேஜ்காரன்

290-55. ரெண்டும் அதிகம். கம்ப்ரெஸர் தேய்ஞ்சிருந்தா சிவப்பு 290ஐத் தொடவே முடியாது. கம்ப்ரெஸர் பாவம், அளவுக்கு மேல உழைச்சிட்டிருக்கு, அதைப் போய் வீக்குங்கறார்.

ரெசிஸ்டர் மாத்தினதும் காஸை மொத்தமா மெஷின்ல ரெகவர் பண்ணி (வெளிய உறிஞ்சி எடுத்து) எடை பார்க்கச் சொல்லுங்க. கொஞ்சம் இறக்கி கொஞ்சம் ஏத்தற வேலை வேணாம். பானெட் அடியில ஸ்டிக்கர்ல எத்தனை கிராம்னு இருக்கும். ஏசியில நம்பத்தக்க ஒரே எண் அதுதான்.

ஏப்ரல் 9, இரவு 11:30 — கேஜ்காரன்

இங்க ஒரு திருத்தம். மேல நான் சொன்ன நாலு வரிக் கணக்கு, கிளட்ச் (பெல்ட் புல்லியைக் கம்ப்ரெஸரோட சேர்க்கற காந்தத் தட்டு) வெச்ச, நிலையான அளவு கம்ப்ரெஸருக்கு மட்டும். புது வண்டி நிறையப் பேர்கிட்ட மாறும் அளவு கம்ப்ரெஸர் இருக்கு. அதுல பல மாடல்ல கிளட்ச் "டிக்" சத்தமே கிடையாது, பெல்ட் ஓடற வரைக்கும் புல்லி சுத்தும், உள்ள ஸ்வாஷ் பிளேட்ங்கற சாய்வுத் தட்டோட சாய்வு மாறி அளவு கூடும், குறையும். அது லோ சைடை 28-30லயே பிடிச்சு வெச்சுக்கப் பார்க்கும். காஸ் கொஞ்சம் குறைஞ்சாலும் கூடினாலும் நீலக் கேஜ் அசையாது. நீலத்தைப் பார்த்துக் காஸ் ஏத்தறவர் அந்த வண்டியில கண்ணைக் கட்டிக்கிட்டு ஏத்தறார்னு அர்த்தம். லோ அதிகம், ஹை குறைவு வந்தாலும் உடனே கம்ப்ரெஸரைக் கழட்டாதீங்க. பின்னால இருக்கற கன்ட்ரோல் வால்வ் மட்டும் சிக்கியிருக்கலாம்.

ஏப்ரல் 10, மாலை 6:10 — தாராவி டாக்ஸி

மும்பை. என் வண்டியில காஸ் சரி, ஃபேன் சரி. நாப்பது நிமிஷம் நல்லா ஓடி அப்புறம் குளிர் போயிடுது. அணைச்சுப் பத்து நிமிஷம் விட்டா மறுபடி வருது. அடியில தண்ணியும் நிறைய கொட்டுது.

ஏப்ரல் 10, இரவு 10:20 — கேஜ்காரன்

தண்ணி கொட்டறது நோயில்ல. மும்பை ஈரத்துக்கு அது கொட்டலேன்னாதான் கவலைப்படணும். ட்ரெய்ன் பைப் (தண்ணி வடியற குழாய்) அடைச்சிருந்தா அந்தத் தண்ணி இடது பக்க கால்மிதி மேட் அடியில தேங்கி நாறும்.

குளிர் போறப்ப காத்து வேகமும் குறையுதா? அதை மட்டும் கவனிங்க.

காத்தும் குறைஞ்சா கூலிங் காயில் மேல பனி கட்டுது. ப்ளோயர் கத்தும், வென்ட்ல மூச்சு மாதிரிதான் வரும். கேபின் ஃபில்டர் அடைப்பு, இல்ல காயில்ல குத்தி வெச்சிருக்கற தெர்மிஸ்டர் (வெப்ப சென்சார்) பொய் சொல்லுது. காயில் ஏறக்குறைய 2 டிகிரி தொட்டா கம்ப்ரெஸரை நிறுத்தச் சொல்றது அதோட வேலை. அது 10 டிகிரின்னு நினைச்சிட்டிருந்தா நிறுத்தாது.

காத்து அதே வேகத்துல, ஆனா சூடா வந்தா உள்ள ஈரம். எக்ஸ்பான்ஷன் வால்வோட ஊசி ஓட்டையில அந்த ஈரம் உறைஞ்சு அடைக்குது. அணைச்சா உருகும், மறுபடி ஓடும். அந்த நேரம் நீலக் கேஜ் வேக்கத்துக்குப் போயிருக்கும். பம்ப் வெச்சு உள்ள இருக்கற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்காம, அதாவது வேக்கம் போடாம, காஸ் ஏத்தின வண்டியோட அடையாளம் இது. டிரையரை மாத்தி, ஒழுங்கா வேக்கம் போட்டுத்தான் ஆகணும்.

ஏப்ரல் 11, காலை 7:00 — கேஜ்காரன்

வேக்கம் பத்தி வந்ததால ஒரு பெங்களூர் விஷயம். சென்னை ஆள் போட்ட வீடியோவைப் பார்த்துட்டு இங்க பம்பை வெச்சு, முள் 29 இஞ்ச் (பாதரச அளவு) போகலேன்னு ரெண்டு மணி நேரம் லீக் தேடறவங்க இருக்காங்க. போகாது. நாம கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல இருக்கோம். இங்க காத்தழுத்தமே 27 இஞ்ச்தான் தேறும். முழு வேக்கம்னா முள் 27 கிட்ட நிக்கும், அவ்வளவுதான். மும்பையில 29 தாண்டும், டெல்லியில 29.

"சரி, 25 போதும்"னும் விட்டுடக் கூடாது. இங்க 25ன்னா உள்ள இன்னும் ரெண்டு இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவா அழுத்தம் பாக்கி. அதுல தண்ணி கொதிக்க 35 டிகிரிக்கு மேல வேணும். காலை 24 டிகிரியில உள்ள இருக்கற ஈரம் அசையாது. 26 தாண்டினாதான் ஆவியாகி வெளிய வரும். அதனால கடைசி ஒரு இஞ்சுதான் முழு வேலையும். முப்பது நிமிஷம் குறைஞ்சபட்சம், மழைக்காலத்துல நாப்பத்தஞ்சு. அப்புறம் வால்வை மூடி, பம்பை அணைச்சு, பத்து நிமிஷம் முள்ளைப் பார்க்கணும். ஏறினா ஓட்டையோ ஈரமோ மிச்சம்.

ஏப்ரல் 12, மாலை 7:45 — அல்சூர்வாசி

முடிஞ்சது. ரெகவர் மெஷின் வெச்சிருக்கற இடத்துக்குப் போனேன். ஸ்டிக்கர்ல 390 கிராம். உள்ளேருந்து வந்தது 560! வேக்கம் முக்கால் மணி நேரம், முள் 26.8ல நின்னது, அவரே "இங்க இவ்ளோதான் குரு"ன்னார். 390 ஏத்தி இப்ப 30 டிகிரியில சிவப்பு 175, நீலம் 32. நடு வென்ட்ல தெர்மாமீட்டர் 7 டிகிரி. சில்க் போர்டுல ஸ்வெட்டர் கேக்குது.

ஏப்ரல் 12, இரவு 8:30 — கேஜ்காரன்

அருமை. 170 கிராம் அதிகம். கண்டென்ஸர்ல பாதி திரவத்துலயே முங்கியிருக்கும், மிச்ச பாதியில எப்படிச் சூடு இறங்கும்? ஃபேனும் இல்ல, காஸும் அதிகம். வழக்கு முடிஞ்சது.

ஏப்ரல் 13, இரவு 1:10 — கேஜ்காரன்

வழக்கு முடியல. படுத்தப்புறம் கணக்கு உறுத்துது.

அல்சூர்வாசி, போன மாசக் கடைசியில காஸ் போட்டவர் முழு டின்னும் போட்டாரா? கடையில கிடைக்கற டின் 450 கிராம். ஹோஸ்ல, டின்ல தங்கறது போக 420 உள்ள போயிருக்கும்னு வைங்க. 560ல 420 போனா 140. அதாவது அவர் போடறதுக்கு முந்தி உங்க வண்டியில 390க்கு 140தான் இருந்திருக்கு. பிப்ரவரியிலதான் காஸ் போட்டிருக்கீங்க. ரெண்டு மாசத்துல 250 கிராம் எங்க போச்சு?

நான் ஃபேனைப் பிடிச்சதும் காஸ்காரரைக் கிண்டல் பண்ணிட்டு, ஓட்டையை விட்டுட்டேன். அவர் "காஸ் குறைவு"ன்னது சரி. எவ்வளவு போடணும்ங்கறதுலயும், ஏன் குறைஞ்சதுன்னு கேக்காததுலயும்தான் தப்பு. ஃபேன் ஒரு நோய், ஓட்டை இன்னொரு நோய்.

ஏப்ரல் 13, காலை 9:00 — அல்சூர்வாசி

முழு டின்தான், காலி டின்னை என்கிட்டயே காட்டினார். ஆனா இப்ப நல்லாத்தானே குளிருது சார். பார்ப்போம்.

ஏப்ரல் 13, காலை 9:20 — கேஜ்காரன்

பார்ப்பீங்க. இந்த வேகத்துல போனா மே முதல் வாரம் எழுதுவீங்க. அதுக்குள்ள விரல்ல தொட்டுப் பார்க்கற வேலை ஒண்ணு செய்யுங்க. காஸ் போற இடத்துல ஆயிலும் கூடவே போகும், அந்த ஆயில்ல தூசி ஒட்டிக் கறுத்து ஈரமா நிக்கும். கண்டென்ஸரோட கீழ் மூலைகள், கம்ப்ரெஸர் ஹோஸ் ரெண்டும் சேர்ற பிளாக், கிளட்சுக்குப் பின்னால சீல், ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுச் சுவர்ல) பைப் உள்ள நுழையற இடம். காஸ் ஏத்தற வால்வ் ரெண்டுக்கும் மூடி இருக்கான்னும் பாருங்க. உள்ள இருக்கற பின் தனியா முழுசா அடைக்காது, மூடிதான் கடைசிக் காவல். மூடி தொலைஞ்ச வால்வ் மேல ஒரு சொட்டு சோப்புத்தண்ணி வெச்சா குமிழி வந்தா தெரிஞ்சுடும்.

ஏப்ரல் 15, இரவு 9:40 — ஹெப்பால்

இதுல சேருமான்னு தெரியல. காலையில ஏசி ஓகே. மதியம் ஒரு மணி நேரம் ஓட்டினா கம்ப்ரெஸர் எடுக்காது. சாயங்காலம் தானா வரும்.

ஏப்ரல் 15, இரவு 10:30 — கேஜ்காரன்

கிளட்ச் இடைவெளி. முன் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க. பெரும்பாலும் 0.3லேருந்து 0.6 மி.மீ. இருக்கணும். தேய்ஞ்சு 0.8, 0.9 ஆச்சுன்னா, கிளட்ச் காந்தத்தோட காயில் சூடாகி ரெசிஸ்டன்ஸ் ஏறின மதியத்துல காந்தம் இழுக்கற பலம் போதாது. கிளட்ச் எடுக்காம இருக்கறப்ப மரக்கட்டையால தட்டை லேசா அமுக்குங்க, சுத்தற பெல்ட்லேருந்து கையைத் தள்ளி வெச்சுக்கிட்டு. "டக்"னு ஒட்டி ஓடினா அதேதான். நடுப் போல்ட்டைக் கழட்டி உள்ள இருக்கற மெல்லிய ஷிம் (வாஷர்) ஒண்ணை எடுத்தா இடைவெளி குறையும். அந்தக் காந்தக் காயில் குளிர்ந்தப்ப 3-4 ஓம் காட்டணும். ஷிம்மும் தீர்ந்தா கிளட்ச் செட் மட்டும் மாத்தலாம், முழு கம்ப்ரெஸர் வேணாம்.

ஏப்ரல் 16, காலை 6:30 — கேஜ்காரன்

டின் பேச்சு வந்ததால எச்சரிக்கை ரெண்டு.

இன்ஜின் ஓடும்போது டின் மாட்டியிருந்தா கேஜ் செட்ல சிவப்பு வால்வைத் திறக்கவே கூடாது. 200 பிஎஸ்ஐ திரும்பி டின்னுக்குள்ள போகும், டின் வெடிக்கும். நீலம் மட்டும். கண்ணாடி போட்டுக்குங்க, திரவம் கண்ணுல பட்டா உறைஞ்சுடும்.

போலி டின் நிறைய. காலையில வண்டி எடுக்கறதுக்கு முந்தி, இன்ஜின் முழுக்க ஆறினப்ப, கேஜ் மாட்டி ரெண்டு பக்கமும் சமமா நிக்கற பிரஷரைப் படிங்க. வெளிய 22 டிகிரின்னா பெங்களூர்ல 75 பிஎஸ்ஐ கிட்ட வரணும். 28 டிகிரிக்கு 92. அதுக்கு 15, 20 மேல நின்னா உள்ள காத்தோ வேற காஸோ கலந்திருக்கு. இந்த எண் காஸ் எவ்வளவு இருக்குன்னு சொல்லாது. 100 கிராம் இருந்தாலும் 500 இருந்தாலும் உள்ள துளி திரவம் நிக்கற வரைக்கும் அதே 75தான் காட்டும். "ஸ்டேடிக் 75 இருக்கு, காஸ் ஃபுல்"னு யாராவது சொன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க.

கலப்படத்துல மோசமானது ஆர்40, மீதைல் க்ளோரைடு. அலுமினியத்தோட சேர்ந்து, காத்து பட்டா தானா எரியற பொருளை உண்டாக்கும். 2011ல கப்பல் ரீஃபர் (குளிர்பதன) கன்டெய்னர்கள் வெடிச்சு ஆள் செத்தது இந்தக் காஸாலதான். கார் ஏசியில காயிலும் கண்டென்ஸரும் அலுமினியம்ங்கறதை ஞாபகம் வெச்சுக்குங்க.

மே 4, மாலை 8:20 — அல்சூர்வாசி

சொன்ன மாதிரியே வந்துட்டேன். வென்ட் 7லேருந்து 12க்கு வந்துடுச்சு. நேத்து ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி வரைக்கும் சமாளிச்சது, வேலூர் வெயில்ல கைவிட்டுடுச்சு. வெளிய ஒரு ஜாயின்ட்லயும் ஆயில் இல்ல. எல்லாம் உலர்ந்து கிடக்கு.

மே 4, இரவு 9:15 — கேஜ்காரன்

வெளிய எதுவும் இல்லேன்னா உள்ள. கூலிங் காயில். டேஷ்போர்டுக்குள்ள இருக்கறதால கண்ணால பார்க்க முடியாது, மூக்கு வெச்சுத்தான் பிடிக்கணும்.

எலக்ட்ரானிக் லீக் டிடெக்டர் வெச்சிருக்கற ஆள்கிட்ட போங்க. ஏசியைப் பத்து நிமிஷம் ஓட்டி அணைச்சு, ப்ளோயரையும் அணைச்சு, கால் மணி நேரம் சும்மா விடச் சொல்லுங்க. ஆர்134ஏ காத்தைவிட மூணரை மடங்கு கனம். காயில்ல கசிஞ்சா ட்ரெய்ன் பைப் வழியாத்தான் கீழ வடியும். டிடெக்டர் முனையை அந்த பைப் வாய்ல வைக்கணும், தண்ணி உள்ள போயிடாம. கத்தினா காயில்தான். ப்ளோயரை ஓடவிட்டுக்கிட்டே தேடினா காஸ் கலைஞ்சுபோயிடும், ஒண்ணும் சிக்காது.

மே 5, இரவு 10:00 — அல்சூர்வாசி

ட்ரெய்ன் பைப்ல பலமா கத்துச்சு. ஆனா இன்னொருத்தர் காஸை ரெகவர் பண்ணிட்டு, லீக் பார்க்க நைட்ரஜன்ல நேத்து ராத்திரி 150 பிஎஸ்ஐ நிறுத்தி, காலையில 143தான் இருந்ததா சொல்றார். அது பெரிய லீக்கா, சின்ன லீக்கா? ராத்திரி 30 டிகிரி, விடிகாலை 20.

மே 5, இரவு 10:45 — கேஜ்காரன்

அதுல பெரும்பாலானது லீக்கே இல்ல. நைட்ரஜனும் குளிர்ந்தா சுருங்கும். 150 கேஜோட நம்ம ஊர்க் காத்தழுத்தம் 13ஐச் சேர்த்தா 163. 30லேருந்து 20க்கு இறங்கினா அது 158 கிட்ட வரும், கேஜ்ல 145. மிச்சம் 2 பிஎஸ்ஐதான் நிஜமா குறைஞ்சது. ஒரு ராத்திரிக்கு அதுவும் போதும், உங்க டிடெக்டர் சாட்சியோட சேர்த்தா காயில்தான் குற்றவாளி.

நைட்ரஜன் போட்டது நல்ல ஆள். பஞ்சர் கடைக் கம்ப்ரெஸர் காத்தை அடிச்சு டெஸ்ட் பண்றவங்க உள்ள ஈரத்தையும் சேர்த்து அடிக்கறாங்க.

இப்ப "லீக் ஸ்டாப் ஊத்திடலாம்"னு யாராவது வருவார். வேணாம். அது காயில் ஓட்டையை மூடுமோ என்னமோ, எக்ஸ்பான்ஷன் வால்வை மூடும். காயிலை வெல்டிங் வெக்கறதும் வேணாம். ஈர அழுக்கு உக்கார்ந்து அரிச்ச அலுமினியம், ஒரு ஓட்டையை மூடினா பக்கத்துல அடுத்தது காத்திருக்கும்.

மே 6, காலை 7:10 — கேஜ்காரன்

காயில் மாத்தறப்ப பக்கத்துல நின்னு பார்க்க வேண்டியது. டேஷ் முழுசா இறங்கற வண்டின்னா ஒரு நாள் வேலை, அவசரப்படுத்தாதீங்க.

எக்ஸ்பான்ஷன் வால்வும் டிரையரும் கூடவே மாறணும். சில கண்டென்ஸர்ல டிரையர் தனி பாட்டிலா இருக்காது, ஓரத்துல உருளையா சேர்ந்திருக்கும், உள்ள பையை மட்டும் மாத்தலாம். எல்லா ஓ-ரிங்கும் புதுசு. கம்ப்ரெஸர் ஆயில்லயே நனைச்சுப் போடணும், கிரீஸ் ஆகாது.

ஆயில்: காயிலோட வெளிய போனதுக்கு ஈடா 30-40 மி.லி. சேர்த்தா போதும். கம்ப்ரெஸர் லேபிள்ல என்ன பிஏஜி (ஏசி ஆயில் வகை) எண் இருக்கோ அதே எண். டின் திறந்து ஒரு வாரமா ஷெல்ஃப்ல இருந்த ஆயில் வேணாம், அது காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சிருக்கும். எலக்ட்ரிக் கம்ப்ரெஸர் வெச்ச ஹைப்ரிட் வண்டிக்காரங்க இதைப் படிச்சா: உங்களுக்கு சாதா பிஏஜி விஷம். அதுல பெரும்பாலும் பிஓஇங்கற வேற வகை ஆயில்தான், தப்பா ஊத்தினா இன்சுலேஷன் போயிடும்.

தெர்மிஸ்டரைப் பழைய காயில்ல எத்தனாவது துடுப்பு வரிசையில குத்தியிருந்ததோ, ஃபோட்டோ எடுத்துட்டு அதே இடத்துல குத்தணும். இடம் மாறினா தாராவி டாக்ஸி மாதிரி பனி கட்டும். காயிலைச் சுத்தி ஒட்டியிருக்கற ஸ்பாஞ்ச் பட்டை கிழிஞ்சிருந்தா புதுசு ஒட்டணும், இல்லேன்னா காத்து காயிலைத் தொடாம ஓரமா நழுவிச் சூடாவே வரும். கடைசியா, கேபின் ஃபில்டர் இடம் காலியா இருந்தா ஒண்ணு வாங்கிப் போடுங்க. பல அடிப்படை மாடல்ல இடம் இருக்கும், ஃபில்டர் இருக்காது. காயில் அரிச்சதுக்கு அந்த அழுக்குதான் ஆரம்பம்.

மே 6, மாலை 5:30 — தாராவி டாக்ஸி

காத்தும் குறைஞ்சுது. ஃபில்டர்தான். உள்ளேருந்து ஒரு முழுப் புறா இறகு வந்தது. இப்ப சரி.

மே 11, இரவு 9:05 — அல்சூர்வாசி

காயில், வால்வ், டிரையர் மாத்தியாச்சு. பழைய காயில்ல கீழ் ஓரத்துல ஆயில் கறை, அதுல ஒரு அரச இலை ஒட்டிக் கிடந்தது. நைட்ரஜன் போடறதுக்கு முந்தி ரெகவர் ஆன காஸ் 305 கிராம். வேக்கம் 26.8, பத்து நிமிஷம் அசையல. 390 ஏத்தினார். வெளிய 32 டிகிரிக்கு 185-31, வென்ட் 6.5. ஃபில்டர் இடம் நிஜமாவே காலிதான், போட்டுட்டேன்.

மே 11, இரவு 9:30 — கேஜ்காரன்

மூணு வாரத்துல 85 கிராம், கணக்கு இடிக்கல. இன்னும் மூணு வாரம் கழிச்சு அதே நேரம், அதே ப்ளோயர் வேகத்துல வென்ட் வெப்பம் எடுத்துப் போடுங்க. கேஜ் மாட்ட வேணாம், ஒவ்வொரு தடவையும் மாட்டிக் கழட்டறதுல சில கிராம் போகும். வால்வ் மூடி ரெண்டும் இருக்கா?

மே 11, இரவு 9:34 — அல்சூர்வாசி

நீலம் இருக்கு. சிவப்பு மூடியைக் காணோம். நாளைக்கு ஜே.சி. ரோடு.